வந்தவங்க ஊருக்குள்ளேயும் வரட்டும்! தொல்லியல் இடங்களும் ஊர் முன்னேற்றமும்

(உலக மரபு வாரத்தையொட்டி மகளிர் சுய உதவிக் குழுவினர், ஊராட்சிப் பணியாளர்கள், கல்லூரி மாணவ மாணவியர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செய்தித் துறையில் எழுத்து வேலை பார்க்கிறவள். எந்தப் பானை எந்த நூற்றாண்டு என்று சொல்ல இங்கே அறிஞர்கள் இருக்காங்க. நான் ஒரே ஒரு கேள்வியை மட்டும் உங்க முன்னாடி வைக்க வந்திருக்கேன்.

ஊர்ல ஒரு பழைய இடம் இருக்கு. அகழாய்வு நடக்குது. பேப்பர்ல வருது, டிவியில வருது. பார்க்க ஆளுங்க கார் எடுத்துட்டு வர்றாங்க. இதனால அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன கிடைச்சுது?

பெருமை கிடைச்சுதுன்னு சொல்வோம். உண்மைதான். ஆனா அந்த ஊர்ல குழு நடத்துற அக்கா ஒருத்தர், "பெருமையை வச்சு தவணை கட்ட முடியுமா தம்பி?" என்று கேட்டால் நம்மகிட்ட பதில் இருக்கணும். அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தப் பேச்சு.

நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். தொல்லியல் இடம் கூட்டத்தைக் கொண்டு வரும். வருமானத்தை அது தானாகக் கொண்டு வராது. வந்தவர்கள் ஊருக்குள்ளே வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, நாலு பேரோடு பேசி, ஒரு பொருளை வாங்கிட்டுப் போகிற ஏற்பாட்டை ஊர்தான் செய்யணும். அரசு அதற்குத் துணை நிற்கும். எப்படி என்று சில இடங்களை வைத்துப் பார்ப்போம்.

கீழடியைக் கண்டுபிடித்தது யார்?

நமக்கெல்லாம் தெரிந்த கீழடியில் இருந்து தொடங்குவோம். சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், மதுரையில் இருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 1970-களில் அங்கே கிணறு வெட்டியபோது பழைய பொருட்கள் தென்பட்டன. அவற்றைப் பத்திரப்படுத்தி, தொல்லியல் துறைக்குத் தெரிவித்தவர் ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 2013-14-இல் இந்தியத் தொல்லியல் துறை வைகை பாயும் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கள ஆய்வு நடத்தியது. 293 இடங்களில் பழைய வாழ்விடத் தடயங்களைப் பதிவு செய்தார்கள். அதில் ஒன்றுதான் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல்.

அந்த 293 என்கிற எண்ணைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதில் இதுவரை தோண்டிப் பார்த்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மீதி எல்லாம் எங்கே இருக்கு? யாரோ ஒருத்தர் தென்னந்தோப்பில், வயலில், கண்மாய்க்கரையில், புறம்போக்கு மேட்டில் இருக்கு. அதாவது நம்ம கையில இருக்கு.

கீழடியில் 2014-15-இல் தொடங்கிய அகழாய்வின் முதல் மூன்று கட்டங்களை இந்தியத் தொல்லியல் துறை செய்தது. 2018-இல் நான்காம் கட்டத்தில் இருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை எடுத்து நடத்துகிறது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னது. 2019 செப்டம்பரில் வெளியான அறிக்கையில் அது வந்தபிறகுதான் கீழடிப் பெயர் எல்லா ஊருக்கும் பரவியது. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்கும் தக்களிகள், கண்ணாடி மணிகள், தாயக்கட்டை என்று அங்கே கிடைத்தவை எல்லாம் சாதாரண மக்கள் புழங்கிய பொருட்கள். அதனால்தான் பார்க்க வருகிறவர்களும், "எங்க பாட்டி வீட்டுல இது இருந்துச்சே" என்று பேசிக்கொண்டு போகிறார்கள்.

இந்த அகழாய்வில் ஊர் மக்களின் பங்கு மூன்று விதமானது. முதலில் நிலம். குழிகள் பெரும்பாலும் தனியார் தோப்புகளில் தோண்டப்பட்டன. தோப்புக்காரர்கள் சம்மதிக்காமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுத்திருக்க முடியாது. இரண்டாவது உழைப்பு. குழிக்குள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சின்னக் கொத்துக்கரண்டியால் மண்ணைப் பதமாகச் சுரண்டி, சல்லடையில் சலித்து, ஓடுகளைக் கழுவிக் காயவைத்ததில் அக்கம்பக்கத்து ஊர் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள். எந்த மண் நிறம் மாறுது, எங்கே கை நிற்கணும் என்பது பல பருவம் வேலை பார்த்தவர்களுக்கு அத்துப்படி. மூன்றாவது குரல். கிடைத்த பொருட்களை வெளியூருக்குக் கொண்டு போகக் கூடாது என்று குரல் கொடுத்தார்கள். அந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இன்று கொந்தகையில் செட்டிநாட்டுக் கட்டட பாணியில் நிற்கிற கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ஆம் தேதி திறக்கப்பட்டது. கிடைத்த மண்ணிலேயே பொருளைக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கிடைத்த பதில் அது.

நிலம் கொடுத்தாச்சு, உழைச்சாச்சு, போராடியாச்சு. அருங்காட்சியகமும் வந்தாச்சு. அடுத்து என்ன?

வந்தவர் காசு எங்கே இறங்குது?

மதுரைக்கு வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். காலையில் மீனாட்சியம்மன் கோயில். பக்கத்திலேயே இட்லி, காபி. அப்புறம் கார் பிடித்து சிலைமான் வழியாக கீழடி. அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து ஒரு போட்டோ. வெயில் அதிகம், தண்ணி பாட்டில் ஒன்று. மறுபடி மதுரை. மதியச் சாப்பாடு அங்கே, ராத்திரித் தங்கல் அங்கே, சுங்குடிச் சேலை வாங்குவதும் அங்கே.

கணக்கு பாருங்க. அறை வாடகை, சாப்பாடு, கார் வாடகை, துணிமணி எல்லாம் மதுரையில் இறங்குச்சு. நுழைவுக் கட்டணம் அரசுக் கணக்குக்குப் போச்சு. கீழடிக்கும் கொந்தகைக்கும் வந்தது அந்தத் தண்ணி பாட்டில் காசும், கார் கிளப்பிய புழுதியும், காலியான பாட்டிலும்தான்.

இதில் அந்தக் குடும்பத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஊருக்குள் என்ன இருக்கு, எங்கே உட்காரலாம், யாரைக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருப்பாங்க. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஊரின் வருமானம் இருக்கு.

அந்த நேரத்தில் என்ன காட்டலாம்? புதுசா எதையும் கட்ட வேண்டாம். இருக்கிறதையே கோத்துக் காட்டினால் போதும். கீழடி அருங்காட்சியகத்தில் பானைகள் ஒரு முக்கியமான பகுதி. அதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், அதே ராமேசுவரம் சாலையில் திருப்புவனம் தாண்டிப் போனால் மானாமதுரை. அங்கே இன்றைக்கும் சக்கரம் சுற்றுது, சூளை எரியுது. கடம் முதல் குழம்புச் சட்டி வரை செய்கிறார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டாயிரம் வருஷத்துப் பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவருக்கு, அதே ஆற்றங்கரையில் இன்றைக்குப் பானை வனைகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து களிமண்ணைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு கொடுத்தால், அதை அவர் மறப்பாரா? ஒரு சட்டியாவது வாங்காமல் போவாரா?

அகழாய்வுக் குழியில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் கொந்தகையிலும் அகரத்திலும் இருக்காங்க. "இந்த முதுமக்கள் தாழியை நாங்க இப்படித்தான் சுத்தி மண்ணை எடுத்து வெளியே தூக்கினோம்" என்று ஓர் அக்கா தன் வாயால் சொன்னால், அதற்கு ஈடான வழிகாட்டி வேறு யார்? அகழாய்வு வேலை பருவ வேலை. பருவம் முடிந்ததும் கூலியும் நின்று போகும். வழிகாட்டி வேலையை அப்படி நிறுத்த வேண்டியதில்லை. முறையாகப் பயிற்சி கொடுத்தால் வருஷம் பூரா நடக்கும்.

கல்லுளிச் சத்தம் கேட்கிற ஊர்

இது நடக்குமா என்று சந்தேகம் வரலாம். நடந்த இடம் ஒன்று நம்ம மாநிலத்திலேயே இருக்கு.

மாமல்லபுரத்துக்குப் போனவங்க கவனிச்சிருப்பீங்க. ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்கிறதுக்கு முன்னாடியே தெருவில் உளிச் சத்தம் கேட்கும். பல்லவர் காலச் சிற்பங்கள் 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1957-இல், அங்கே சிற்பப் பயிற்சி மையம் தொடங்கிவிட்டார்கள். இன்று அது அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அங்கே படித்தவர்களும், அவர்களிடம் வேலை பழகியவர்களும் ஊரைச் சுற்றிப் பட்டறை போட்டார்கள். அங்கே செதுக்கிய சிலைகள் வெளிநாட்டுக் கோயில்களுக்கும் போகின்றன. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் நாம கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய சிற்பத்தைப் பார்க்க வந்தவருக்குப் புதிய சிற்பத்தை விற்கிறார்கள். பழையது விளம்பரம், புதியது வியாபாரம். அதற்கு நடுவில் பயிற்சி என்று ஒரு பாலம் இருக்கு. வெளியூரில் இருந்து பிளாஸ்டிக் பொம்மையை வாங்கி வந்து விற்றால் லாபத்தில் பெரும்பங்கு வெளியூருக்கே திரும்பிப் போகும். ஊரிலேயே செய்த பொருளை விற்றால் கூலியும் லாபமும் ஊரிலேயே தங்கும். பானையோ, பனையோலையோ, கோரைப்பாயோ, கருப்பட்டி மிட்டாயோ, உங்க ஊரில் கை பழகிய தொழில் எதுவோ அதுதான் உங்களுக்கு மாமல்லபுரத்துக் கல்.

கவனிக்காம விட்டா என்ன ஆகும்?

நல்லதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கர்நாடகத்தில் ஹம்பி இருக்கு. விஜயநகரப் பேரரசின் தலைநகரம். 1986-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே விருபாட்சர் கோயிலுக்கு முன்னால் நீளமான பழைய கடைவீதி. அதன் கல் மண்டபங்களை ஒட்டி மக்கள் பல வருஷமாகக் குடியிருந்தார்கள், கடை போட்டார்கள், பயணிகளுக்கு அறை கொடுத்தார்கள். 2011 ஜூலையில் அந்த வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. மரபுச் சின்னத்தைக் காக்கணும் என்பது ஒரு நியாயம். அங்கேயே பிழைத்தவர்கள் எங்கே போவார்கள் என்பது இன்னொரு நியாயம். இரண்டும் மோதிக்கொண்டபோது அடி வாங்கியது சின்னக் கடைக்காரர்.

அதே ஹம்பிக்கு எதிரே, துங்கபத்திரைக்கு அக்கரையில் ஆனெகுந்தி என்று ஓர் ஊர். அங்கே 1997-இல் தொடங்கிய கிஷ்கிந்தா அறக்கட்டளை, ஊர்ப் பெண்களுக்கு வாழை நாரில் கைவினைப் பொருள் செய்யப் பயிற்சி கொடுத்தது. வாழை அந்தப் பகுதியில் தாராளமாக விளையுது. தார் வெட்டினபிறகு வெட்டிப் போடுற மட்டையில் இருந்து நார். அதில் பை, கூடை, விரிப்பு. வருகிறவர்களை ஊரின் பழைய வீடுகளிலேயே தங்க வைக்கும் ஏற்பாடும் செய்தார்கள்.

ஆற்றின் இரண்டு கரைகள். ஒரு கரையில் வியாபாரம் தானாக வளர்ந்து, விதிகளோடு மோதி, உடைந்தது. இன்னொரு கரையில் முதலிலேயே திட்டம் போட்டுக்கொண்டார்கள். கடை எங்கே வரணும், வண்டி எங்கே நிற்கணும், கழிப்பறை எங்கே, குப்பை எங்கே என்று கூட்டம் வருவதற்கு முன்பே ஊர் கூடிப் பேசிட்டால் பின்னாடி கண்ணீர் விட வேண்டியதில்லை.

அரிட்டாபட்டி சொல்லித் தந்தது

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி. அங்கே குன்றுகளில் தமிழிக் கல்வெட்டுகள், சமணர் படுகைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், அதில் இலகுலீசர் சிற்பம். அதோடு ஏரிகள், சுனைகள், ராஜாளி வகைப் பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்த இடம்.

2024 நவம்பரில், அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றுப்புற ஊர்கள் கொதித்தன. கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். விவசாயிகளும் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது.

இதை நான் ஏன் இங்கே சொல்றேன்? அந்த மக்களுக்குத் தங்கள் மலையில் என்ன இருக்கு என்று முன்பே தெரிஞ்சிருந்தது. கல்வெட்டு எங்கே, சுனை எங்கே, எந்தப் பறவை எந்தப் பாறையில் கூடு கட்டும் என்று விரல் நீட்டிக் காட்ட ஊரிலேயே ஆட்கள் இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூர்க்காரர்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டியும் இருந்தார்கள். அதனால் மலைக்கு ஆபத்து என்றதும், "எங்க மலையில இது இருக்கு, இது இருக்கு" என்று பட்டியல் போட முடிந்தது. தெரியாத சொத்தை யாராலும் காப்பாத்த முடியாது. வருமானத்தைப் பற்றிப் பேசுகிற நாம் இதையும் சேர்த்தே பேசணும். ஊர் வாழ்ந்தால் மலை வாழும், மலை இருந்தால்தான் ஊருக்குத் தண்ணீர்.

நாளைக்கே செய்யக்கூடியவை

சரி, கேட்டாச்சு. இப்போ நம்ம ஊருக்குப் போய் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகச் சொல்றேன்.

முதலாவது, ஊர்ப் பட்டியல். ஒரு நோட்டு வாங்குங்க. ஊரில் உள்ள பழைய கோயில், நடுகல், கல்வெட்டு, பானை ஓடு கிடக்கிற மேடு, பழைய குளம், மடைக்கல் எல்லாத்தையும் எழுதுங்க. கூடவே ஊரில் யார் யாருக்கு என்ன கைத்தொழில் தெரியும் என்பதையும் எழுதுங்க. கல்லூரித் தம்பி தங்கைகள் போட்டோ எடுத்துக் கொடுக்கலாம். எதையும் தோண்ட வேண்டாம், எடுக்க வேண்டாம், பார்த்து எழுதினால் போதும்.

இரண்டாவது, கிராம சபை. வருஷத்துக்கு ஆறு முறை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறில் ஒன்றில் இந்தப் பட்டியலை வாசிச்சுப் பதிவு செய்யுங்க. வண்டி நிறுத்தம், குடிநீர், கழிப்பறை, பெயர்ப் பலகை, மகளிர் குழுக் கடைக்கு இடம் என்று எது வேணுமோ அதைத் தீர்மானமாகப் போடுங்க. வாயால் கேட்பதற்கும், தீர்மான நகலோடு ஒன்றிய அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

மூன்றாவது, சாப்பாடு. வந்தவர் முதலில் தேடுவது சோறும் நிழலும். மகளிர் குழு சேர்ந்து சின்ன உணவகம் போடலாம். கம்பங்கூழ், மோர், பயறு, மீன் குழம்புச் சோறு என்று நம்ம வீட்டில் செய்வதையே கொடுக்கலாம். சிறிய உணவு வியாபாரத்துக்குப் பெரிய உரிமம் தேவையில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று போதும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தெரியலைன்னா பக்கத்து இ-சேவை மையத்தில் கேளுங்க. தொழில் முதலுக்குக் குழுவின் வங்கிக் கடன் இருக்கு. மகளிர் திட்ட அலுவலகத்தில் வழி சொல்வாங்க.

நான்காவது, கைவினை. 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கு. 25 வகைத் தொழில்கள் அதில் வருது, மண்பாண்டமும் கற்சிற்பமும் உட்பட. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தை அணுகணும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. "பதிவு பண்ணித் தர்றேன், ஐயாயிரம் கொடு" என்று யாராவது வந்தால் நம்பாதீங்க.

ஐந்தாவது, வழிகாட்டிகள். ஊரில் பத்துப் பேர், அதில் பாதிப் பேர் பெண்கள் என்று வச்சுக்கோங்க. தொல்லியல் துறை அலுவலரைக் கூப்பிட்டு, சரியான தகவலை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி அதையே சொல்லப் பழகுங்க. "இங்கே ராஜா புதைச்ச தங்கம் இருக்கு", "இந்தச் சுரங்கம் மதுரை வரை போகுது" என்று கதை கட்ட வேண்டாம். அந்தக் கதையைக் கேட்டு ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் இருக்காங்க. ஆர்வம் உள்ள பட்டதாரிகளுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையே தொல்லியலில் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துது. நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தர் அதைப் படித்து வந்தால் ஊருக்கே பலம்.

நிலம், வீடு, கிடைக்கிற பொருள்

இனிச் சொல்லப்போறது சட்டம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க, ஏன்னா இதில் தெரியாமல் மாட்டிக்கிறவங்க அதிகம்.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னமாக இருந்தால், அதன் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டணும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தம் இது. 100 மீட்டருக்குள் ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுது பார்க்க அனுமதி கேட்க வழி இருக்கு. மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கு. அதனால் பழைய சின்னம் பக்கத்தில் மனை வாங்குறதுக்கு முன்னாடி, முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி விசாரிங்க. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசைப் போட்டு மனை வாங்கி, அப்புறம் கட்ட முடியாமல் நிற்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது.

அடுத்து, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, கிணறு தூர் வாரும்போதோ, நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டும்போதோ பழைய பொருள் கிடைத்தால் என்ன செய்யணும்? வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்க. பொருளைத் தேய்க்காதீங்க, கழுவாதீங்க, உடைச்சு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காதீங்க. இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்க. கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் சொல்லுங்க. காசு, நகை, சிலை போன்ற புதையலாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கணும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்லுது.

இங்கே ஒரு பயம் நம்ம மக்களுக்கு இருக்கு. "சொன்னா நிலத்தைப் பிடுங்கிக்குவாங்க, நம்மளையே விசாரிப்பாங்க" என்று. அதனால் கிடைத்ததைத் திரும்ப மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள், இல்லையென்றால் வர்றவன்கிட்ட சொற்ப விலைக்கு விற்றுவிடுகிறார்கள். முறைப்படி தெரிவித்தால், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் என்ன சேரணும் என்பதை அந்தப் புதையல் சட்டமே சொல்லியிருக்கு. மறைத்தால்தான் அந்த உரிமை போகும், தண்டனையும் வரும். தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்க ஒரு சம்சாரிக்கு முழு உரிமை இருக்கு. அலுவலர்களும் இதை மக்களுக்கு முதலிலேயே எடுத்துச் சொன்னால், கிணற்று மண்ணோடு போகிற பொருள் பாதியாவது நமக்குக் கிடைக்கும். கீழடி ஆசிரியர் அன்றைக்கு, "நமக்கெதுக்கு வம்பு" என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைச்சுப் பாருங்க.

இன்னொன்றும் இருக்கு. பாறையில் பேர் எழுதுவது, கல்வெட்டுக்கு மேல் வெள்ளை அடிப்பது, பழைய கற்களைப் பெயர்த்துப் புதுப் படிக்கட்டு போடுவது. இதை எல்லாம் பக்தியிலும் ஆர்வத்திலும் செய்கிறோம். ஆனால் அழிந்த ஓர் எழுத்தை மறுபடி எழுத முடியாது. அதைக் காக்க வேண்டியது காவலர் மட்டும் இல்லை. அதனால் பிழைக்கிற ஒவ்வொரு வீடும் காவல் வீடுதான். மீன் குழம்புக் கடை நடத்துகிற அக்கா, "பாறையில எழுதாதீங்க தம்பி" என்று சொன்னால் அதற்கு இருக்கிற மரியாதை எந்தப் பலகைக்கும் கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொல்லியல் இடத்தால் வருகிற வருமானம் யாருக்குப் போகுது என்பதையும் ஊர் பார்க்கணும். சாலையோரம் நிலம் உள்ள இரண்டு பேருக்கு மட்டும் கடை, மற்றவர்களுக்குக் கூட்டமும் தூசியும் என்றால் ஊருக்குள் சண்டைதான் வரும். குழியில் இறங்கி மண் சுமந்தவர்களில் நிலமில்லாத குடும்பங்கள் இருக்கு. கடை ஒதுக்கும்போதும், வழிகாட்டி தேர்ந்தெடுக்கும்போதும், துப்புரவு வேலைக்குக் கூலி முடிவு பண்ணும்போதும் அவங்க பேரை முதலில் எழுதுங்க. தோப்பைக் கொடுத்த விவசாயிக்குத் தன் இளநீரை அருங்காட்சியக வாசலில் விற்க ஓர் இடம் கொடுங்க. சின்ன விஷயம்தான், ஆனால் கொடுத்தவருக்கு ஊர் திருப்பிச் செய்கிற மரியாதை அது.

அடுத்த கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கு. அதற்குள் அந்த நோட்டில் முதல் பக்கத்தையாவது எழுதி முடிங்க. கூட்டம் முடிந்ததும் மகளிர் திட்டம், மாவட்டத் தொழில் மையம், தொல்லியல் துறை அலுவலர்கள் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாங்க. கேட்க வேண்டியதைக் கேட்டு, விண்ணப்பப் படிவத்தைக் கையோடு வாங்கிட்டுப் போங்க.